பார்டரில் இருக்கும் ஆண்டுகள்

வெறும் வயிற்றில் 112. குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து 168. பரிசோதனை நிலையத்தில் தாளை நீட்டும்போதே, "பார்டர்ல இருக்கு, கொஞ்சம் பாத்துக்கங்க" என்கிறார்கள். எதைப் பார்த்துக்கொள்வது, எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அவர்களும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை. மாத்திரை எழுதித் தரவில்லை என்பதால் நோய் இல்லை என்று முடிவுகட்டிக்கொண்டு வீடு திரும்புகிறோம். சில ஆண்டுகள் கழித்து கால் எரிச்சலுக்கோ ஆறாத புண்ணுக்கோ மருத்துவரிடம் போகும்போது அதே சர்க்கரை 280 ஆகியிருக்கிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர்களும் நாடு முழுக்க நடத்திய பெரிய கணக்கெடுப்பின் முடிவு 2023இல் வெளியானது. 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது என்றது அது. செய்தித்தாள்கள் அந்த எண்ணைத்தான் தலைப்பாக்கின. அதே ஆய்வு சொன்ன இன்னொரு எண் 13.6 கோடி. நோய் வரவில்லை, ஆனால் இயல்பான அளவையும் தாண்டிவிட்டது என்ற இடைநிலையில் இருப்பவர்கள் இவ்வளவு பேர். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயைத் தடுப்பது பற்றிய கேள்வி முழுவதும் இவர்களைச் சுற்றித்தான் இருக்கிறது. தடுக்க முடியும் என்பதற்குச் சான்று இருக்கிறது, அதுவும் சென்னையிலேயே கிடைத்த சான்று. ஆனால் நம் உடலுக்குக் கிடைக்கும் அவகாசம் மற்றவர்களுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த 112ஐ எவ்வளவு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது விளங்கும்.

முதலில் ஒரு பழைய வாதத்தைத் தீர்த்துவிடலாம். "எங்க பரம்பரையிலேயே இருக்கு, வந்துதான் தீரும்" என்பது நம் வீடுகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு. பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மருத்துவர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் சென்னையில் நடத்திய கணக்கெடுப்புகளைப் பாருங்கள். 1980களின் இறுதியில் நகரத்தில் வயது வந்தோரில் 8.2 சதவீதத்தினருக்கு நோய் இருந்தது. அதே காலத்தில் கிராமத்தில் 2.4 சதவீதம்தான். 1995இல் நகரத்து எண் 11.6 ஆனது. 2006இல் 18.6. பதினெட்டு ஆண்டுகளில் ஒரு சமூகத்தின் மரபணு மாறிவிடாது. மாறியது நடை, வேலை, தட்டு, இடுப்பு. பரம்பரை கொடுப்பது நோய்க்கு எளிதில் இடம்கொடுக்கும் ஓர் உடலை. நோயையே கொடுத்துவிடுவதில்லை.

பணக்காரர் நோய் என்ற எண்ணமும் காலாவதியாகிவிட்டது. 2017இல் வெளியான இந்திய ஆய்வு முடிவுகளின்படி, பொருளாதாரத்தில் முன்னேறிய மாநிலங்களின் நகரங்களில் வசதி குறைந்தவர்களிடம்தான் இந்நோய் அதிகம். மலிவாகக் கிடைப்பது அரிசியும் எண்ணெயும் சர்க்கரையும். விலை கூடியது பருப்பும் காய்கறியும் முட்டையும். இந்தச் சந்தைக் கணக்கு உடலுக்குள் வந்து சேர்ந்திருக்கிறது.

இனி உடலுக்குள் நடப்பது. சாப்பிட்டதும் ரத்தத்தில் குளுக்கோஸ் ஏறுகிறது. கணையத்தின் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கின்றன. இன்சுலின் வந்ததும் தசைகள் குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்கின்றன, கல்லீரல் தன் இருப்பிலிருந்து குளுக்கோஸை வெளியே விடுவதை நிறுத்துகிறது. கல்லீரலிலும் தசையிலும் கொழுப்பு படியத் தொடங்கினால் இன்சுலின் சொல்வதை அவை சரியாகக் கேட்பதில்லை. இதைத்தான் இன்சுலின் எதிர்ப்பு என்கிறார்கள். அப்போது பீட்டா செல்கள் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சுரந்து ஈடுகட்டுகின்றன. ஆண்டுக்கணக்கில் இது நடக்கும்போதும் ரத்தப் பரிசோதனை இயல்பாகவே இருக்கும். அந்தச் செல்கள் ஈடுகொடுக்க முடியாமல் தளரும்போதுதான் எண்கள் ஏறத் தொடங்குகின்றன. பிரிட்டனில் 1977இல் தொடங்கி இருபது ஆண்டுகள் நடந்த புகழ்பெற்ற ஆய்வின் கணக்குப்படி, நோய் என்று கண்டறியப்படும் நாளிலேயே பீட்டா செல்களின் திறனில் ஏறத்தாழப் பாதி போய்விட்டிருக்கிறது. அதாவது, பார்டர் என்பது தொடக்கம் அல்ல. உள்ளே பல ஆண்டுகளாக நடந்ததன் பாதி வழி.

நம் உடலில் இது ஏன் சீக்கிரம் நடக்கிறது? புணேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாக்னிக்கும் லண்டனைச் சேர்ந்த ஜான் யூட்கினும் 2004இல் 'லான்செட்' இதழில் தங்கள் இருவரின் படத்தையே வெளியிட்டார்கள். இருவரின் உடல் எடைக் குறியீடும் ஒன்றே, 22.3. பார்ப்பதற்கு இருவரும் ஒல்லி. ஆனால் யூட்கின் உடலில் கொழுப்பு 9.1 சதவீதம், யாக்னிக் உடலில் 21.2 சதவீதம். ஒரே எடையில் நமக்குத் தசை குறைவு, கொழுப்பு அதிகம் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் காட்டியதில்லை. யாக்னிக் இன்னும் பின்னால் போனார். புணே அருகே கிராமங்களில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகளுக்கு 3.5 கிலோ. அவ்வளவு எடை குறைந்தும் நம் குழந்தைகளின் உடலில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை, தசைதான் குறைந்திருந்தது. கருவில் இருக்கும்போதே தொடங்கிவிடும் அமைப்பு இது. ஒல்லியாக இருக்கிறேன், எனக்கு வராது என்று நம்மில் யாரும் சொல்லிக்கொள்ள முடியாது.

அதனால்தான் நமக்கென்று தனி அளவுகோல் வைத்திருக்கிறார்கள். ஐரோப்பியர்களுக்கு உடல் எடைக் குறியீடு 25ஐத் தாண்டினால் அதிக எடை, நமக்கு 23. எடையைவிட இடுப்பு இன்னும் நேர்மையான சாட்சி: ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. கால்சட்டை அளவை நம்ப வேண்டாம், அது தொப்பைக்குக் கீழே நிற்கிறது. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவே, மூச்சை இயல்பாக விட்டபின் நாடாவைச் சுற்றி அளக்க வேண்டும். கழுத்தின் பின்புறமும் அக்குளும் கறுத்துத் தடித்து வெல்வெட் போலிருந்தால் அது அழுக்கு அல்ல, தேய்த்தால் போகாது. இன்சுலின் எதிர்ப்பு தோலில் தெரிகிறது. பள்ளிப் பிள்ளைகளிடமே இப்போது இதைப் பார்க்க முடிகிறது என்பது எனக்கு மிகுந்த கவலை தரும் விஷயம்.

சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2005இல் வெளியிட்ட இந்திய சர்க்கரை நோய் ஆபத்து மதிப்பெண் ஊசியே இல்லாமல் ஒருவர் தன் நிலையை அறிய உதவுகிறது. வயது, இடுப்பு, உடலுழைப்பு, பெற்றோர் என்று நான்கே கேள்விகள். 42 வயதான ஓர் ஆணை எடுத்துக்கொள்வோம். வயதுக்கு 20. இடுப்பு 96 செ.மீ. என்பதால் 10. உட்கார்ந்த வேலை, உடற்பயிற்சி இல்லை என்பதால் 30. அப்பாவுக்குச் சர்க்கரை என்பதால் 10. மொத்தம் 70. அறுபதும் அதற்கு மேலும் அதிக ஆபத்து. இதே மனிதர் ஒழுங்காக உடற்பயிற்சி செய்து இடுப்பை 90க்குக் கீழே கொண்டுவந்தால் மதிப்பெண் 50. வயதையும் அப்பாவையும் மாற்ற முடியாது என்பதையும், மாற்ற முடிந்தது எது என்பதையும் ஒரே கணக்கு காட்டிவிடுகிறது.

மதிப்பெண் கூடுதலாக இருந்தால் ரத்தப் பரிசோதனை அவசியம். வெறும் வயிற்றில் 126, குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரத்தில் 200, ஹெச்பிஏ1சி எனப்படும் மூன்று மாதச் சராசரி 6.5: இவற்றை எட்டினால் நோய். இதற்குக் கீழே 100 முதல் 125, 140 முதல் 199, 5.7 முதல் 6.4 என்பவை இடைநிலை. நோய்க்கான அறிகுறி எதுவும் இல்லாதபோது ஒரே ஒரு முடிவை வைத்து நோய் என்று முத்திரை குத்தாமல் இன்னொரு முறை பார்த்து உறுதிசெய்துகொள்வது மரபு. இங்கே இரண்டு எச்சரிக்கைகள். வெறும் வயிற்றுப் பரிசோதனையை மட்டும் செய்தால், குளுக்கோஸ் குடித்தபின் ஏறுகிறவர்களைக் கோட்டைவிடுவோம். ரத்தசோகை இருப்பவர்களுக்கு மூன்று மாதச் சராசரி தவறான எண்ணைக் காட்டலாம். இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை அதை உள்ளதைவிட உயர்த்திக் காட்டும். நம் பெண்களில் சோகை எவ்வளவு பரவலானது என்பது தெரிந்ததே.

இடைநிலையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் நோய் வருமா? வராது. ஆனால் சென்னையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வில், இடைநிலையில் இருந்தவர்களில் 58.9 சதவீதத்தினருக்கு வந்துவிட்டது. "பாத்துக்கங்க" என்ற ஒரு சொல்லோடு அனுப்பிவைக்கப்படுகிறவர்கள் இவர்கள்.

தடுக்க முடியும் என்பதை முதலில் பெரிய அளவில் காட்டியது சீனாவின் டாச்சிங் நகரம். 1986இல் இடைநிலையில் இருந்த 577 பேரை எடுத்துக்கொண்டு ஆறு ஆண்டுகள் பார்த்தார்கள். ஆலோசனை எதுவும் பெறாதவர்களில் 67.7 சதவீதத்தினர் நோயாளிகள் ஆனார்கள். உணவிலோ உடற்பயிற்சியிலோ வழிகாட்டப்பட்டவர்களில் அது 41 முதல் 46 சதவீதம். முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஆட்களைத் தேடிப் பார்த்தபோது, வழிகாட்டப்பட்டவர்களுக்கு நோய் வந்தது சராசரியாக நான்கு ஆண்டுகள் தாமதமாக. மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றால் இறந்தவர்களும் அவர்களில் மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆறு ஆண்டு முயற்சியின் பலன் முப்பது ஆண்டுகள் நின்றது. பின்னர் ஃபின்லாந்திலும் அமெரிக்காவிலும் நடந்த ஆய்வுகள் 58 சதவீதம் ஆபத்துக் குறைவைக் காட்டின. அமெரிக்க ஆய்வில் இலக்கு எளிமையானது: உடல் எடையில் 7 சதவீதத்தைக் குறைப்பது, வாரம் 150 நிமிடம் நடப்பது. மெட்ஃபார்மின் மாத்திரை 31 சதவீதம்தான் குறைத்தது.

அவர்கள் குண்டானவர்கள், எடையைக் குறைத்தார்கள், பலன் கிடைத்தது. எடையே அதிகமில்லாத நமக்கு? இந்தக் கேள்விக்குத்தான் சென்னை விடை சொன்னது. ராமச்சந்திரன் குழு இடைநிலையில் இருந்த 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்று ஆண்டுகள் தொடர்ந்தது. முடிவு 2006இல் வெளியானது. வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு மூன்றே ஆண்டுகளில் நோய் வந்தது. டாச்சிங்கில் ஆறு ஆண்டுகளில் நடந்ததற்கு அருகே நம் ஊர் பாதிக் காலத்திலேயே போய்விட்டது. அவகாசம் குறைவு என்று நான் சொன்னதன் பொருள் இதுதான். நடக்கவும், தீட்டிய தானியத்தையும் சர்க்கரையையும் எண்ணெயையும் குறைக்கவும் வழிகாட்டப்பட்ட பிரிவில் அது 39.3 சதவீதம். குறைந்த அளவு மெட்ஃபார்மின் தந்த பிரிவில் 40.5. இரண்டையும் சேர்த்துத் தந்தபோதும் கூடுதல் பலன் இல்லை, 39.5. ஆறேழு பேருக்கு மூன்று ஆண்டுகள் வழிகாட்டினால் ஒருவருக்கு நோய் வராமல் தடுக்கலாம் என்பது கணக்கு.

இதில் என்னை நிறுத்திய செய்தி வேறொன்று. வழிகாட்டப்பட்டவர்களின் எடை குறையவே இல்லை. எடை இயந்திரத்தில் எதுவும் மாறாதபோதும் உள்ளே ஆபத்து குறைந்திருக்கிறது. இரண்டு மாதம் நடந்தேன், எடை அப்படியே இருக்கிறது என்று விட்டுவிடுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு வந்தவையும் கவனத்துக்குரியவை. வேலைக்குச் செல்லும் 537 ஆண்களில் பாதிப் பேருக்குக் கைபேசியில் குறுஞ்செய்தி மட்டும் அனுப்பிப் பார்த்த ஆய்வு 2013இல் வெளியானது. இரண்டு ஆண்டுகளில் செய்தி பெறாதவர்களில் 27 சதவீதம், பெற்றவர்களில் 18 சதவீதம் நோயாளிகள் ஆனார்கள். இன்னொரு சென்னை ஆய்வில் வகுப்புகளும் தேவைப்பட்டவர்களுக்கு மெட்ஃபார்மினும் சேர்ந்து ஆபத்தை 32 சதவீதம் குறைத்தன. ஆனால் வெறும் வயிற்றுச் சர்க்கரை மட்டும் உயர்ந்திருந்தவர்களிடம் பலன் சொற்பமே. கேரளத்தில் அக்கம்பக்கத்தார் குழுக்களை வைத்து 1007 பேரிடம் செய்த முயற்சியில் இரண்டு ஆண்டுகளில் 17.1க்கு 14.9 என்ற அளவுக்கே வேறுபாடு. புள்ளியியல் அதை உறுதியான வெற்றியாக ஏற்கவில்லை. காய்கறியும் பழமும் கூடின, மது குறைந்தது, நோய் தெளிவாகக் குறைந்ததாகக் காட்ட முடியவில்லை. கேரள ஆய்வில் சேர்த்தது ஆபத்து மதிப்பெண் கூடுதலானவர்களை, குளுக்கோஸ் குடித்தபின் சர்க்கரை ஏறியவர்களை மட்டும் அல்ல. யாரிடம் செய்கிறோம் என்பதைப் பொறுத்தே பலன் என்று இந்த முடிவுகளை நான் வாசிக்கிறேன். குளுக்கோஸ் குடித்தபின் பார்க்கும் பரிசோதனையை விட்டுவிடக் கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம்.

இனித் தட்டுக்கு வருவோம். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை. பெயர் மூன்று, பொருள் ஒன்று. மதியச் சாப்பாட்டிலும் சாம்பாருக்கு ஒரு முறை, ரசத்துக்கு ஒரு முறை, மோருக்கு ஒரு முறை என்று சோறு மூன்று முறை விழுகிறது. பொரியல் ஓரத்தில் தொட்டுக்கொள்ள மட்டும். 21 நாடுகளில் 1.32 லட்சம் பேரைப் பின்தொடர்ந்து 2020இல் வெளியான ஆய்வில், தெற்காசியாவில் நாளொன்றுக்கு 450 கிராமும் அதற்கு மேலும் வெள்ளைச் சோறு உண்பவர்களுக்கு, 150 கிராமுக்குக் குறைவாக உண்பவர்களைவிட ஆபத்து 61 சதவீதம் அதிகம். 450 கிராம் சோறு என்பது 150 கிராம் அளவு அரிசி. நம்மில் பலர் இதை மதியத்திலேயே தாண்டிவிடுகிறோம்.

சோறே கூடாது என்று நான் சொல்லவில்லை. பசித்த தலைமுறைகளைக் காப்பாற்றிய உணவு அது. கேள்வி அளவைப் பற்றியது. சோற்றை விட்டுக் கேழ்வரகுக்கும் கம்புக்கும் மாறினால் போதும் என்ற நம்பிக்கை இப்போது பரவலாக இருக்கிறது. 2025இல் வெளியான இந்திய ஆய்வு இதைத் திருத்துகிறது. நம் உணவில் 62 சதவீத ஆற்றல் மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைப்பதால் ஆபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. மொத்த ஆற்றலில் வெறும் ஐந்து சதவீதத்தை மாவுச்சத்திலிருந்து பருப்பு, பயறு, பால், தயிர் தரும் புரதத்துக்கு மாற்றினால் ஆபத்து குறைகிறது. நான்கு கேழ்வரகுத் தோசையைவிட இரண்டு அரிசித் தோசையும் ஒரு கிண்ணம் சுண்டலும் மேல். நாட்டுச் சர்க்கரைக்கும் கருப்பட்டிக்கும் தேனுக்கும் இதே நீதிதான். ரத்தத்துக்குள் போனபின் அவையும் சர்க்கரையே. நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி என்றால் 30 கிராமைத் தாண்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் விரும்பத்தக்கதாகச் சொல்லும் அளவு 25 கிராம். பழச்சாறும் வேண்டாம், பழத்தைக் கடித்துத் தின்னலாம்.

செய்யக்கூடிய எளிய மாற்றம் ஒன்று உண்டு. பொரியல், கூட்டு, முட்டை அல்லது மீன் இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டுச் சோற்றைக் கடைசியில் எடுத்தால், அதே உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரை குறைகிறது. அத்துடன் சோறும் தானாகக் குறையும்.

நடை பற்றி எல்லாருக்கும் தெரியும். ஆனால் இந்தியாவில் 14,000க்கும் மேற்பட்டோரிடம் நடந்த ஆய்வில் 54.4 சதவீதத்தினர் உடலுழைப்பற்றவர்களாக இருந்தார்கள், பொழுதுபோக்காக உடலை அசைப்பவர்கள் பத்து சதவீதம்கூட இல்லை. நமக்குத் தசை குறைவு என்று பார்த்தோம். குளுக்கோஸைப் பெருமளவு வாங்கிக்கொள்வது தசை. ஆகவே நடையோடு வாரம் இரண்டு மூன்று நாள் தசைக்கு வேலை கொடுப்பதும் வேண்டும்: நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்கார்வது, படியேறுவது, தண்ணீர்க்குடமோ எடையோ தூக்குவது. இரவு உணவுக்குப் பின் பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் அந்த வேளைச் சர்க்கரை அப்போதே தணியும். வீட்டு வேலையெல்லாம் பார்க்கும் பெண்களிடம் "தனியா வாக்கிங் போங்க" என்று சொல்வதற்கு முன், விளக்கும் நடைபாதையும் உள்ள தெரு இருக்கிறதா, அந்த அரைமணி நேரம் சமையலறையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்று வீட்டார் கேட்டுக்கொள்ள வேண்டும்.

புகைப்பவர்களுக்கு ஆபத்து 30 முதல் 40 சதவீதம் கூடுதல். தூக்கம் குறைந்தாலும் இன்சுலின் மந்தமாகும். புதிய ஊசி மருந்துகளில் ஒன்றான டிர்செபடைட், உடல் பருமனும் இடைநிலைச் சர்க்கரையும் உள்ளவர்களிடம் நோய் வருவதை மூன்று ஆண்டுகளில் 94 சதவீதம் குறைத்ததாக 2024இல் காட்டப்பட்டது. மகத்தான எண்தான். ஆனால் மருந்தை நிறுத்தினால் எடை திரும்புகிறது, அதன் விலை பெரும்பாலோருக்கு எட்டாது. இடைநிலையில் உள்ள சிலருக்கு மெட்ஃபார்மின் பொருந்தும். அதை மருத்துவர் முடிவு செய்யட்டும், பக்கத்து வீட்டுக்காரர் மாத்திரையைப் பகிர வேண்டாம்.

தனிமனித உறுதியால் மட்டும் தீர்கிற பிரச்சினை அல்ல இது. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாசலுக்கே சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளைக் கொண்டுவந்தது. நல்ல திட்டம். அதே பணியாளர்கள் கையில் ஓர் அளவுநாடாவும் நான்கு கேள்விகளும் இருந்தால், நோயாளிகளின் வீட்டில் இன்னும் நோயாளி ஆகாதவர்களையும் கண்டுபிடிக்கலாம். நியாய விலைக் கடையில் அரிசி இலவசம், துவரம் பருப்பு மாதம் ஒரு கிலோ மானிய விலையில். அரிசியைக் குறைக்கச் சொல்லவில்லை, பருப்பையும் கொண்டைக்கடலையையும் கூட்டலாம். தட்டின் விகிதத்தை இவ்வளவு பெரிய அளவில் மாற்றக்கூடிய கருவி வேறெதுவும் நம்மிடம் இல்லை.

எல்லாவற்றிலும் முன்னதாகத் தொடங்கக்கூடிய இடம் ஒன்று இருக்கிறது. கர்ப்பகாலத்தில் சர்க்கரை ஏறிய பெண்ணுக்குப் பிற்காலத்தில் இந்நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு முதல் பத்து மடங்கு. அவள் குழந்தைக்கும் ஆபத்து கூடுதல். சென்னை மருத்துவர் வி. சேஷையா முன்னெடுத்த எளிய முறையால், சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரத்தில் பார்த்து, 140ஐ எட்டியிருந்தால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று கண்டுகொள்ளலாம் என்ற நிலை வந்தது. கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட இது சாத்தியம். பிரசவம் முடிந்ததும் பெரும்பாலும் சர்க்கரை இயல்பாகிவிடுகிறது, அத்தோடு எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். ஆறு வாரத்தில் தாய்க்கு மறுபடி பரிசோதிக்க வேண்டும் என்று தேசிய வழிகாட்டுதல் சொல்கிறது. குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி போடுவதும் அதே ஆறாவது வாரத்தில்தான். தடுப்பூசி நாளன்று தாயும் சுகாதார நிலையத்துக்கு வந்துதான் இருப்பாள். அவளுக்கும் அன்றே குளுக்கோஸ் கொடுத்து இரண்டு மணி நேரம் உட்காரவைத்துப் பார்த்து, முடிவைக் குழந்தையின் தடுப்பூசி அட்டையிலேயே எழுதிக் கொடுத்துவிடலாம்.